புத்தகம் போடப் போகிறீர்களா? அச்சகமா, பதிப்பகமா?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, தமிழில் டைப் செய்யவும் பழகிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் தெரியுமா? பல வருடங்களாக நோட்டுப் புத்தகத்தில் கிடந்தவை எல்லாம் மெல்ல வேர்ட் பைலுக்குள் வந்து சேரும். கவிதை, ஊர் வரலாறு, சமையல் குறிப்பு, பாடக் குறிப்பு என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. பைல் 100 பக்கத்தைத் தாண்டியதும், "இதைப் புத்தகமாகவே போட்டால் என்ன?" என்ற எண்ணம் வந்துவிடும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் யாரிடம் போவது? அச்சகத்திற்கா, பதிப்பகத்திற்கா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். நான் தர்மபுரியில் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தெரிந்தவர்களுக்கு டைப் செய்து, பக்கம் அமைத்துக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். எனவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு தெளிவு. பிரிண்டர் என்றதும் உங்கள் மேஜையில் உள்ள கருவி நினைவுக்கு வரும். அதிலேயே புத்தகம் அடிக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 128 பக்கப் புத்தகம் 100 பிரதி என்றால் 12,800 பக்கங்கள். இரண்டு பக்கமும் அடித்தாலும் 6,400 தாள்கள். மை வாங்கிக் கட்டுப்படியாகாது. வீட்டு பிரிண்டர் பிழை திருத்தும் பிரதி எடுக்க மட்டும்தான். அந்த வேலைக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

மூன்று கடை, மூன்று வியாபாரம்

நீங்கள் எழுதியதை வாங்கிக் கொள்ள மூன்று வகையானவர்கள் இருக்கிறார்கள்.

1. அச்சகம்: நீங்கள் பைல் கொடுக்கிறீர்கள், பணம் கொடுக்கிறீர்கள். அவர்கள் தாளில் அடித்து, பைண்டிங் செய்து, மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. பிழை இருந்தாலும், விற்காமல் போனாலும் அது உங்கள் பாடு. புத்தகமும் உங்களுடையது, உரிமையும் உங்களுடையது.

2. பதிப்பகம்: உங்கள் எழுத்தைப் படித்துப் பார்த்து, விற்கும் என்று நம்பினால் அவர்களே செலவு செய்து வெளியிடுவார்கள். எடிட்டிங், அட்டைப்படம், அச்சு, கடைகளுக்கு அனுப்புவது, புத்தகக் கண்காட்சியில் வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. விற்கும் பிரதிக்கு ஏற்ப உங்களுக்கு ராயல்டி கிடைக்கும். தமிழில் இது பெரும்பாலும் விலையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நீங்கள் பைசா கொடுக்க வேண்டாம்.

3. காசு வாங்கும் பதிப்பகம்: பெயர்ப்பலகையில் பதிப்பகம் என்று இருக்கும், செலவு முழுவதும் உங்களுடையது. இவர்களில் வேலையை ஒழுங்காகச் செய்து, கணக்குக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அச்சகத்தின் வேலையை மட்டும் செய்துவிட்டு, பதிப்பகத்தின் உரிமைகளை எடுத்துக் கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

குழப்பம் எல்லாம் இந்த மூன்றாவது இடத்தில்தான். ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். பணம் எந்தப் பக்கம் போகிறது? உரிமை எந்தப் பக்கம் போகிறது? பணம் உங்களிடமிருந்து போனால் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். உரிமை அவர்களிடம் போனால் பணம் அவர்களிடமிருந்து வர வேண்டும். பணம், உரிமை இரண்டும் உங்களிடமிருந்தே போகிறது என்றால் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

ஆசிரியர் கொண்டு வந்த இரண்டு தாள்கள்

பென்னாகரம் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஊரின் வரலாற்றை எழுதியிருந்தார். எங்கள் மாவட்டத்தில் நடுகற்கள் அதிகம். தர்மபுரியில் உள்ள அரசு அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நிற்பவையும் இருக்கின்றன. அவர் தன் ஊரைச் சுற்றியுள்ள கற்கள், ஏரியின் கதை, கோயில் திருவிழா முறை, பஞ்ச காலத்தில் ஊர் பட்ட பாடு ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவர். அவருக்குச் சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அந்த நோட்டு தொலைந்தால் அந்த ஊரின் நினைவும் தொலைந்தது என்று அர்த்தம்.

அவர் என்னிடம் இரண்டு தாள்களுடன் வந்தார். ஒன்று, உள்ளூர் அச்சகம் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல்: 128 பக்கம், 300 பிரதிகள், மொத்தம் 24,000 ரூபாய். மற்றொன்று, வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று தபாலில் அனுப்பிய ஒப்பந்தம்: ஆசிரியர் 38,000 ரூபாய் கட்ட வேண்டும், அவருக்கு 50 பிரதிகள் தரப்படும், மற்றவை "தேவைக்கேற்ப" அச்சிடப்படும், நூலின் எல்லா உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்தைச் சேரும்.

"தம்பி, பதிப்பகம்னா கவுரவம் இல்லையா? ஊர்ல பேரு இருக்குமே" என்றார்.

"சார், கால்குலேட்டரைத் திறப்போம்" என்றேன். விண்டோஸில் எல்லோரிடமும் இருப்பதுதானே!

24,000-ஐ 300-ஆல் வகுத்தால் ஒரு பிரதிக்கு 80 ரூபாய். 38,000-ஐ 50-ஆல் வகுத்தால் ஒரு பிரதிக்கு 760 ரூபாய். "தேவைக்கேற்ப" என்பது எத்தனை பிரதி என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. ஒரு பிரதி கூட அச்சிடாமல் இருக்கலாம். அது அவர் ஓய்வூதியத்திலிருந்து சேர்த்த பணம். அதைவிட முக்கியம், பேரன் காலத்தில் இந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிட வேண்டும் என்றாலும் அந்தப் பதிப்பகத்திடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

அவர் அச்சகத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்குக் காரணம் விலை மட்டும் அல்ல. அந்தப் புத்தகத்தை வாங்கப் போகிறவர்கள் யார்? அந்த ஊர்க்காரர்கள், ஊரை விட்டு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள். அவர்களை வெளியூர்ப் பதிப்பகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். விலை 150 ரூபாய் என்று வைத்து, அச்சுக்குக் கொடுக்கும் முன்பே தெரிந்தவர்களிடம் முன்பதிவு கேட்டார். 96 பேர் பணம் அனுப்பினார்கள். 14,400 ரூபாய் கையில் வந்த பிறகுதான் அச்சகத்தில் முன்பணம் கட்டினார்.

இது புதிய யோசனை அல்ல

முன்பதிவு வாங்கிப் புத்தகம் போடுவது இன்டர்நெட் காலத்து யோசனை என்று நினைக்க வேண்டாம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்டது இப்படித்தான். வாங்குவதாக ஒப்புக் கொண்டவர்களிடம் முன்னதாகவே கையொப்பம் வாங்கினார். சென்னைக்கு வந்து திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் அச்சிட்டார். புரூப் திருத்துவதையும் தானே கவனித்தார். இன்றைய பேச்சில் சொன்னால் எழுத்து வேலை, பதிப்பாளர் வேலை இரண்டும் அவருடையது. அச்சு வேலை மட்டும் அச்சுக்கூடத்துடையது.

மறுபக்கமும் உண்டு. பாரதியார் 1920-இல் தன் எழுத்துக்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் வெளியிடத் திட்டமிட்டார். அதற்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. 1921-இல் அவர் மறைந்தார். திட்டம் காகிதத்திலேயே நின்றது. பிறகு அவர் எழுத்துக்களின் உரிமை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போய், 1949-இல் சென்னை மாகாண அரசு வாங்கிய பிறகுதான் பொதுச் சொத்தாகும் வழி திறந்தது.

இரண்டு கதைகளிலிருந்தும் நமக்குத் தேவையானது இதுதான்: எத்தனை பிரதி அச்சிடுவது என்பதை வாங்குபவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆசிரியரின் எண்களையே எக்ஸெல் தொகுப்பில் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

செலவு 24,000. விலை 150. நேரில் விற்றால் 160 பிரதிகள் விற்றதும் போட்ட பணம் வந்துவிடும். 300-ம் விற்றால் மிச்சம் 21,000 ரூபாய். ஆனால் புத்தகக் கடைக்குக் கொடுத்தால் கழிவு கொடுக்க வேண்டும். அதை 35 சதவீதம் என்று வைத்துக் கொண்டால், ஒரு பிரதிக்கு உங்கள் கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. இப்போது போட்ட பணம் திரும்ப 247 பிரதிகள் விற்க வேண்டும். 100 பிரதிகள் மட்டும் நேரில் விற்றால்? 15,000 வரும், 9,000 நஷ்டம், மீதி 200 பிரதிகள் கட்டிலுக்கு அடியில்.

இதே புத்தகத்தைச் செலவை ஏற்கும் பதிப்பகம் 10 சதவீத ராயல்டியில் வெளியிட்டால் ஒரு பிரதிக்கு 15 ரூபாய். 300 பிரதிக்கு 4,500 ரூபாய். குறைவுதான். ஆனால் உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டையும் இல்லை.

ஆக, வாங்குபவர்களை உங்களுக்குத் தெரியும் என்றால் அச்சகம். ஊர் வரலாறு, குலதெய்வக் கோயில் வரலாறு, பள்ளி ஆண்டு மலர், டியூஷன் குறிப்பு, பணி நிறைவு மலர் எல்லாம் இந்த வகை. வாங்குபவர் தமிழ்நாடு முழுக்க எங்கோ இருக்கிறார், அவரை உங்களுக்குத் தெரியாது என்றால் பதிப்பகம். கதை, நாவல், கட்டுரைத் தொகுப்பு இந்த வகை.

அரூர் பக்கத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சிறுகதைகளை நான் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். அவரும் முதலில் அச்சகம் என்றுதான் யோசித்தார். "அக்கா, இதைப் படிக்கிறவங்க நம்ம ஊர்ல மட்டுமா இருக்காங்க?" என்று கேட்டேன். ஒவ்வொன்றாக மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினார். இரண்டு இடத்திலிருந்து பதில் இல்லை. மூன்றாவது பதிப்பகம் இரண்டு கதைகளை எடுத்துவிட்டு, ஒரு கதையின் முடிவை மாற்றச் சொல்லி, ஏழு மாதம் கழித்து வெளியிட்டது. அவர் பணம் கட்டவில்லை. அந்தத் திருத்தத்தால் கதை மேலும் நன்றாக வந்தது என்று அவரே சொல்கிறார். நல்ல பதிப்பகம் தரும் முதல் லாபம் அந்த எடிட்டர்தான். அச்சகத்தில் அது கிடைக்காது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இருக்கும். இதற்காக நீங்கள் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த உரிமையை மற்றவருக்குக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. எனவே கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

* எத்தனை ஆண்டுகளுக்கு? குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி 5 ஆண்டுகள். "நிரந்தரமாக" என்று இருந்தால் அதை அடித்துவிட்டு 3 அல்லது 5 ஆண்டுகள் என்று எழுதச் சொல்லுங்கள்.
* எந்த இடத்திற்கு? குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்.
* எந்த உரிமைகள்? அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அச்சு நூல் மட்டும் போடுபவருக்கு சினிமா உரிமை எதற்கு?
* வெளியிடாமல் வைத்திருந்தால்? உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகும். "வேறு விதமாக" ஒரு வரி சேர்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.
* முதல் பதிப்பு எத்தனை பிரதிகள்? ராயல்டி எத்தனை சதவீதம்? வருடத்தில் எந்த மாதம் கணக்குத் தருவார்கள்?

ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து ஒரு போல்டரில் போட்டு, உங்கள் இமெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்திடுங்கள்.

அச்சகத்தில் எதைக் கேட்க வேண்டும்?

எங்கள் ஊர் போன்ற இடங்களில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் அச்சகங்கள்தான் அதிகம். புத்தகம் அடித்த அனுபவம் உண்டா என்று கேட்டு, அவர்கள் அடித்த புத்தகம் ஒன்றை வாங்கிப் பாருங்கள். நடுவில் நன்றாகத் திறந்து பிடியுங்கள். தாள் கையோடு வந்தால் அடுத்த அச்சகத்தைப் பாருங்கள். சேலம், சிவகாசி, சென்னை என்று வெளியூரிலும் விலை கேட்கலாம். அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

விலைப்பட்டியலில் கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்க வேண்டும்.

* அளவு: தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் பார்ப்பது டெம்மி 1/8. ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம்.
* தாள்: மேப்லித்தோவா, எத்தனை ஜி.எஸ்.எம்.? 60-க்கும் 70-க்கும் விலை மாறும். மெலிந்த தாளில் பின்பக்க எழுத்து தெரியும்.
* பக்கங்கள்: அச்சகத்தில் பாரம் கணக்கில் பேசுவார்கள். 16 பக்கம் ஒரு பாரம் என்றால் 128 பக்கம் 8 பாரம். உங்கள் புத்தகம் 130 பக்கம் வந்தால் இரண்டு பக்கத்தைச் சுருக்கிவிடுங்கள். அந்த இரண்டு பக்கத்திற்காகத் தனியாகச் செலவு வரும்.
* முறை: ஆப்செட்டா, டிஜிட்டலா? ஆப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே வந்துவிடும். எனவே பிரதிகள் கூடக் கூட ஒரு பிரதியின் விலை குறையும். டிஜிட்டலில் பிளேட் இல்லை. 50, 100 பிரதிகளுக்கு அதுவே லாபம். இரண்டுக்கும் விலை கேளுங்கள்.
* பைண்டிங்: பசை மட்டுமா, நூல் தையலா? பலர் கை மாறும் புத்தகத்திற்கு நூல் தையல் நல்லது.
* வரி: அச்சான புத்தகத்திற்கு ஜி.எஸ்.டி. இல்லை. அச்சிடும் கூலிக்கு உண்டா, சொன்ன விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.
* மாதிரி: மொத்தமும் ஓடும் முன் ஒரு பிரதி பைண்டிங் செய்து காட்ட வேண்டும்.

பைலைத் தயார் செய்யும் முறை

யாரிடம் போனாலும் பைல் சுத்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

யூனிகோடில் டைப் செய்திடுங்கள். பழைய பாமினி, டாம் போன்ற பாண்டுகளில் டைப் செய்த பைல், அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய பைல் இருந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற சாப்ட்வேர் மூலம் மாற்றலாம். மாற்றிய பின் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். மேற்கோள் குறிகளும் "ஸ்ரீ" போன்ற எழுத்துக்களும் இடம் மாறி நிற்கும்.

சில அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பு 7.0 வெளியானது 2001-இல். அது யூனிகோட் தமிழைக் கையாளாது. "பைலைக் கொடுங்க, நாங்க மாத்திக்கிறோம்" என்று சொன்னால் கவனம். மாற்றும்போது புதிய பிழைகள் நுழையும். நீங்களே பி.டி.எப். ஆக மாற்றிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

வேர்ட் தொகுப்பில் முதலில் லேஅவுட் டேபில் சைஸ் பிரிவில் பக்க அளவை 5.5 X 8.5 அங்குலம் என்று அமைத்திடுங்கள். மார்ஜின்ஸ் பிரிவில் மிர்ரர்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பைண்டிங் ஓரத்தில் எழுத்து மாட்டாது. எல்லாம் முடிந்ததும் சேவ் அஸ் சென்று பி.டி.எப். வகையைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸ் கட்டத்தில் பி.டி.எப்./ஏ என்று குறிப்பிடும் வரியில் டிக் செய்திடுங்கள். பாண்ட் பைலுக்குள்ளேயே பதிந்துவிடும். பிறகு அந்த பைலை அடோபி ரீடரில் திறந்து, ப்ராப்பர்டீஸ் விண்டோவில் பாண்ட்ஸ் டேபைப் பாருங்கள். ஒவ்வொரு பாண்ட் பெயருக்கும் பக்கத்தில் எம்பெடட் என்று இருக்க வேண்டும்.

படங்களுக்கு 300 டி.பி.ஐ. வேண்டும். நான்கு அங்குல அகலத்தில் படம் வர வேண்டும் என்றால் 1,200 பிக்ஸல் அகலம் தேவை. செல்போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள். ஆசிரியரின் நடுகல் படங்களை அப்படித்தான் வாங்கினேன். கல்லில் இருந்த வாளின் கோடு கூடத் தெளிவாக அச்சில் வந்தது.

கடைசியாக வீட்டு பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து, எழுதாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஸ்கிரீனில் தெரியாத பிழை தாளில் தெரியும்.

ஐ.எஸ்.பி.என். எண்ணும் நூலகப் பிரதிகளும்

"ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறோம், அதற்கு இவ்வளவு" என்று யாராவது கேட்டால் ஒரு விஷயம் தெரிந்து கொள்ளுங்கள். இந்தியாவில் இந்த எண்ணைத் தருவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி. கட்டணம் கிடையாது. தானே வெளியிடும் எழுத்தாளரும் அதன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2007 முதல் இது 13 இலக்க எண். எண் வர நாளாகும் என்பதால் அட்டை அச்சாகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். இந்த எண் காப்புரிமைச் சான்று அல்ல. புத்தகத்திற்கு ஒரு அடையாள எண், அவ்வளவுதான். ஆனால் அது யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவரே பதிப்பாளராகப் பதிவாகிறார். உங்கள் பணத்தில் அச்சாகும் புத்தகத்திற்கு உங்கள் பெயரில் வாங்குவதே நியாயம்.

புத்தகத்தின் ஆரம்பத்தில் விவரப் பக்கம் ஒன்று வையுங்கள். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, உரிமை யாருக்கு, வெளியிட்டவர், அச்சிட்டவர், விலை எல்லாம் அதில் வர வேண்டும். 1867-ஆம் ஆண்டின் பழைய அச்சுச் சட்டம் வெளியிட்டவர், அச்சிட்டவர் இருவர் பெயரையும் கேட்டது. 2024 மார்ச்சில் அதன் இடத்திற்கு வந்த சட்டம் பருவ இதழ்களுக்கானது. இருந்தாலும் இந்தப் பக்கத்தை விடாதீர்கள். பின்னாளில் உரிமைப் பிரச்சினை வந்தால் முதலில் புரட்டிப் பார்ப்பது இதைத்தான்.

1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிடுபவர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கு 30 நாட்களுக்குள் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி. நீங்களே வெளியிட்டால் இது உங்கள் கடமை. இதைச் செலவாக நினைக்காதீர்கள். ஊரில் கடைசிப் பிரதியைக் கரையான் அரித்தாலும் கன்னிமாராவில் ஒன்று இருக்கும்.

தபாலில் அனுப்ப, 2025 மே மாதம் அஞ்சல் துறை ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. உங்கள் புத்தகம் அதில் போகுமா, இப்போது கட்டணம் என்ன என்று தபால் நிலையத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவித் திட்டம் ஒன்றும் நடத்துகிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்வார்கள்.

ஒரே ஒரு பிரதி வேண்டுமா?

அச்சகமும் வேண்டாம், பதிப்பகமும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உள்ளன. தேவைப்படும்போது மட்டும் அச்சிடும் முறை ஒன்று. 2008-இல் பெங்களூரில் தொடங்கிய போத்தி, 2012-இல் சென்னையில் தொடங்கிய நோஷன் பிரஸ் போன்றவை இதைச் செய்கின்றன. யாராவது ஆர்டர் செய்தால் அப்போது ஒரு பிரதி அச்சாகும். மூட்டை சேராது, ஆனால் ஒரு பிரதியின் விலை கூடுதல். இங்கும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் "ஐ அக்ரீ" கட்டத்தில் கிளிக் செய்ய வேண்டாம்.

மின்னூல் இன்னொரு வழி. அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016-இல் வரத் தொடங்கின. இலவசமாகக் கொடுக்கத் தயார் என்றால் ப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இருக்கிறது. ஆனால் இலவசமாக வெளியிட்டதைத் திரும்பப் பெறுவது கடினம், யோசித்துச் செய்யுங்கள்.

ஆசிரியரின் புத்தகம் இதுவரை நேரில் 185 பிரதிகள் விற்றிருக்கிறது. 27,750 ரூபாய். போட்ட பணம் வந்துவிட்டது. லட்சம் சம்பாதிக்கவில்லை. ஆனால் பி.டி.எப். பைல், ஐ.எஸ்.பி.என். எண், உரிமை மூன்றும் அவரிடம் இருக்கின்றன. பைலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்: கம்ப்யூட்டரில், பென் டிரைவில், மகளின் இமெயிலில். அடுத்த பதிப்பில் பக்கத்து ஊர் நடுகற்களையும் சேர்க்கப் போகிறாராம். அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பைலும் 100 பக்கத்தைத் தாண்டிவிட்டதா? விலை விசாரிக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். இந்தப் புத்தகத்தை வாங்குவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். பட்டியல் நூறைத் தொட்டால் அச்சகத்திற்குப் போங்கள். பத்தில் நின்றால் பதிப்பகத்திற்கு அனுப்புங்கள். நடுவில் நின்றால் 50 பிரதி டிஜிட்டலில் அடித்துப் பாருங்கள். பட்டியல் நீள்வதைப் பார்த்து அடுத்த அடி வைக்கலாம்.